மேற்படி நோயாளியாகிய நான்

— "மேற்படி நோயாளியாகிய நான்"னா எழுதியிருக்கீங்க? அடிங்க அதை. முதல்ல அடிங்க.

— என்ன தப்பு அதுல? யார் பேசறாங்கன்னு படிக்கறவனுக்குத் தெரிய வேண்டாமா?

— நான் என்ன வீட்டையா விக்கறேன்? நர்ஸுங்க சங்கத்து மலருக்குக் கட்டுரை எழுதறேன். நான் சொல்றதை சொன்னபடி எழுதினா போதும்.

— முப்பது வருஷமா பத்திரம் எழுதற கை. பேனாவை வச்சாலே "மேற்படி" தானா வந்து குதிக்குது. பிடிக்கலைன்னா நீயே எழுதிக்கோ.

— எந்தக் கையால? வலது கையில ரெண்டு ஊசி ஏத்தி மிஷினோட கட்டிப் போட்டிருக்கு. இடது கையில எழுதினா கோழி கிறுக்கின மாதிரி இருக்கும். இடது கையில ஊசி ஏத்தற ரத்தக் குழாய் அடைச்சுப் போகாம இருந்திருந்தா உங்களை எதுக்கு நான் கெஞ்சறேன்?

— கெஞ்சற லட்சணமா இது? சரி, அடிச்சுட்டேன். "நான்" மட்டும் வச்சிருக்கேன். சொல்லுங்க சிஸ்டரம்மா.

— "நான் இருபத்திரெண்டு வருஷம் இந்த டயாலிசிஸ் வார்டுல நர்ஸா இருந்தேன். மூணு வருஷமா அதே வார்டுல நோயாளியா இருக்கேன். எத்தனையோ பேரை நான் படுக்க வச்ச அதே அஞ்சாம் நம்பர் கட்டில்ல இப்ப நான் படுத்திருக்கேன்."

— "அதே" ரெண்டு தடவை வருது.

— வரட்டும். அதேதானே?

— அது இருக்கட்டும். எத்தனை பக்கம் கேட்டிருக்காங்க?

— ரெண்டு. இன்னைக்கு மிஷினை நிறுத்தறதுக்குள்ள குடுத்துடணும். நாளைக்கு அச்சகத்துக்குப் போகுதாம். இன்னும் எவ்வளவு நேரம் காட்டுது?

— அம்பது நிமிஷம்.

— தாராளம். அடுத்தது தண்ணியைப் பத்தி. எழுதுங்க. "ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சுலபமா சொல்லியிருக்கேன். கொஞ்சம் மனக்கட்டுப்பாடு வேணும், சரியான்னு வேற கேட்டிருக்கேன். தாகம்னா என்னன்னு அப்ப எனக்குத் தெரியாது."

— இது நல்லா இருக்கு.

— "இப்ப தெரியும். வாய் கொப்பளிக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போய் பாதித் தண்ணியை முழுங்கியிருக்கேன். ஈரத் துணியை உறிஞ்சியிருக்கேன்." என்ன நிறுத்திட்டீங்க?

— ஈரத் துணியையுமா?

— முகம் துடைக்கற துணி. சுத்தமானதுதான். எழுதுங்க.

— கொப்பளிக்கறது எனக்குத் தெரியும். துணி கணக்குலயே இல்லை.

— தெரியுமா?

— நான் அளந்து குடுக்கறது முக்கால் லிட்டர். இங்க வந்து எடை பாத்தா ரெண்டரை கிலோ கூட நிக்குது. மேற்படி தண்ணி என்ன வானத்துல இருந்தா வந்துச்சு?

— அப்ப இத்தனை நாளா மனசுக்குள்ள என்னைத் திருடின்னு நினைச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க.

— அப்படி எல்லாம் இல்லை. குளியலறையில இருந்த பெரிய மக்கை எடுத்துட்டு சின்னதை வச்சேன், அவ்வளவுதான்.

— அது நீங்க பண்ணின வேலையா? பெரிசு விரிசல் விட்டுடுச்சுன்னு சொன்னீங்களே!

— விரிசல்னு சொன்னா நீ நம்புவே. மறைச்சு வச்சேன்னு சொன்னா சண்டைக்கு வருவே.

— சரியான ஆளுதான் நீங்க. சிரிக்காதீங்க, கை ஆடுது. அடுத்தது எழுதுங்க. "ஒரு லாரி டிரைவர் வருவாரு. ஒவ்வொரு தடவையும் உடம்புல அஞ்சு கிலோ தண்ணி ஏத்திக்கிட்டு வருவாரு. ஒரு நாள் வார்டே கேக்கற மாதிரி அவரைத் திட்டினேன். சாகணும்னு ஆசையா இருந்தா வீட்டுலயே இருங்க, இங்க வந்து மிஷினை வீணாக்காதீங்கன்னு."

— இதை எழுதணுமா?

— "அவர் சட்டைப் பொத்தானையே திருகிக்கிட்டு இருந்தாரு. அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் வரலை. வியாழக்கிழமையும் வரலை. சனிக்கிழமை அவரோட சம்சாரம் வந்து, அவரு போயிட்டாரு, கட்டிலை வேற யாருக்காவது குடுத்துடுங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க."

— வேண்டாம்மா. நீ சொல்லித்தான் அவர் போனாருன்னு யாருக்குத் தெரியும்? இத்தனை வருஷம் சம்பாதிச்ச பேரு. எதுக்கு நீயே போய் கெடுத்துக்கறே?

— கெட்டா கெடட்டும். அந்த மலரைப் படிக்கப் போறது நர்ஸுங்கதான். அவங்கள்ல ஒருத்தி நாளைக்கு ஒரு நோயாளியைத் திட்ட வாயைத் திறக்கறப்ப இது ஞாபகம் வந்தா போதும். இதை எழுதத்தான் நான் ஒத்துக்கிட்டதே. நடந்தது நடந்தபடி இருக்கணும், சரியா?

— சரி. எழுதியாச்சு. எனக்கு மனசே இல்லை, ஆனா எழுதியாச்சு.

— அக்கா, பிரஷர் பாத்துடறேன். இந்தக் கையை லேசா நீட்டுங்க.

— வாம்மா. நாலாம் கட்டில்ல ஊசி ஒழுகுது, பாத்தியா?

— பாத்து சரி பண்ணியாச்சு. நீங்க இப்ப டியூட்டில இல்லை அக்கா, நான்தான் டியூட்டி. நூறுக்கு அறுபது. கொஞ்சம் இறங்கியிருக்கு. தலை சுத்துதா?

— இல்லை. தண்ணி இழுக்கற வேகத்தைக் கொஞ்சம் குறைச்சு வை.

— அதை நான்தானே முடிவு பண்ணணும்?

— பண்ணு. ஆனா குறை.

— குறைக்கறேன், குறைக்கறேன். பாத்தீங்களா அண்ணே, எப்படி வேலை வாங்கறாங்கன்னு? கட்டுரை எதுவரைக்கும் வந்திருக்கு?

— ஒரு பக்கத்துக்கு மேல ஆச்சும்மா.

— உங்களைப் பத்தி வந்துடுச்சா? கூட இருந்து பாத்துக்கறவங்களைப் பத்திக் கண்டிப்பா எழுதச் சொல்லணும்னு சங்கத் தலைவி சொல்லிவிட்டாங்க.

— அடுத்தது அவர்தான்.

— அப்படிச் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரரும்தான் இருக்காரு. எனக்குக் காய்ச்சல்னா நேரா எங்கம்மாவுக்கு போன் போட்டு "உங்க பொண்ணு படுத்துட்டா"ன்னு புகார் சொல்வாரு. அண்ணன் மாதிரி ஒருத்தர் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும். அய்யோ, ரெண்டாம் கட்டில் அலாரம் அடிக்குது. வரேன் அக்கா.

— என்னைப் பத்தி நானே எப்படி எழுதறது? நல்லாவா இருக்கும்?

— நான் சொல்றேன், நீங்க எழுதறீங்க. ஊர்ல அத்தனை பேருக்கும் எழுதற மாதிரிதான். "என் வீட்டுக்காரர் பத்திர எழுத்தர். மூணு வருஷமா செவ்வாய், வியாழன், சனி பதிவு அலுவலகத்து வாசல்ல அவரோட மேஜை காலியாத்தான் கிடக்கு."

— காலியா இல்லை. பக்கத்து ஆளு அதுல சாப்பாடு வச்சு சாப்பிடறான்.

— "காய்கறியை நறுக்கி ஊற வச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டி, வேக வச்சு, அந்தத் தண்ணியையும் கொட்டிட்டு அப்புறம்தான் சமைப்பாரு. அதுல இருக்கற உப்புச்சத்து எனக்கு ஆகாது. ருசியும் தண்ணியோட போயிடும். அதையேதான் அவரும் சாப்பிடுவாரு. தனக்குன்னு தனியா ஒண்ணு செஞ்சுக்கிட்டதே இல்லை."

— ரெண்டு சமையல் யாரு செய்யறது? சோம்பேறித்தனம். அப்படின்னு எழுதவா?

— வாயை மூடிக்கிட்டு எழுதுங்க. "அவரை யாரும் எப்படி இருக்கீங்கன்னு கேக்கறதில்லை. எல்லாரும் அவர்கிட்ட என்னைப் பத்தித்தான் கேப்பாங்க. நானும் இருபத்திரெண்டு வருஷத்துல நோயாளி கூட வந்தவங்க முகத்தைப் பாத்ததில்லை. கொஞ்சம் தள்ளி நில்லுங்கன்னு சொல்றதுக்கு மட்டும்தான் அவங்ககிட்ட பேசியிருக்கேன்."

— இது எனக்கு வேண்டாம். மத்தவங்களுக்காக இருக்கட்டும்னு எழுதறேன்.

— "மூணு வருஷத்துக்கு முன்னாடி தன்னோட கிட்னியில ஒண்ணை எனக்குக் குடுக்க அவராவே முன்வந்தாரு. டெஸ்ட் எல்லாம் எடுத்துக்கிட்டாரு. அவர் உடம்புக்கு ஒத்துவராதுன்னு டாக்டருங்க சொல்லிட்டாங்க. அவர் குடுக்கலைங்கற பேச்சுக்கு இடமே இல்லை. குடுத்து வைக்காதது நான்தான்." எழுதியாச்சா?

— ம்.

— ம்னா? பேனா நகரவே இல்லையே.

— மை தீந்துடுச்சு.

— பையில இன்னொண்ணு இருக்கு.

— அதுவும் எழுதாது.

— எடுத்துப் பாக்காமயே எப்படித் தெரியுது உங்களுக்கு?

— அந்த வரி வேண்டாமே. இடம் பத்தாது.

— முக்கால் பக்கம் பாக்கி இருக்கு. படுத்துக்கிட்டே எனக்குத் தெரியுது.

— நம்ம வீட்டு விஷயம் எதுக்கு நாலு பேருக்கு?

— நான் துணியை உறிஞ்சினது நாலு பேருக்குத் தெரியலாம். இது தெரியக்கூடாதா?

— சரி, "டெஸ்ட் எடுத்துக்கிட்டாரு" வரைக்கும் எழுதறேன். அதோட விட்டுடு.

— பாதியில விட்டா மீதி என்னாச்சுன்னு கேப்பாங்க. அதுக்குத்தான் முழுசா சொல்றேன். எங்க பெரியண்ணன் இன்னும் என்ன பேசறாருன்னு உங்களுக்கே தெரியும். "கட்டினவளுக்கு ஒரு கிட்னி குடுக்கத் துப்பில்லை"ன்னு உங்க காதுபடவே சொல்லியிருக்காரு. எனக்கு அப்புறமும் சொல்வாரு.

— எனக்கு அப்புறம் கிப்புறம்னு பேசாதே.

— இங்க பாருங்க. போன மாசம் இதயத்துக்கு எடுத்த எக்கோ ரிப்போர்ட்டை நீங்களும்தான் படிச்சீங்க. இதயம் பலவீனமாயிடுச்சு, இனிமே பெரிய ஆபரேஷன் தாங்காது, கிட்னி மாத்தற பட்டியல்ல இருந்து பேரை எடுத்தாச்சு. இனி இந்த மிஷின் இழுக்கற வரைக்கும்தான் என் வண்டி. இதைப் பூசி மெழுக என்னால ஆகாது. நமக்குப் பிள்ளை இல்லை. நான் போனப்புறம் உங்களுக்காகப் பேச யாரு இருக்கா? என் பேர் போட்டு அச்சுல இருக்கற இந்த ஒரு வரி பேசட்டும். எழுதுங்க.

— முடியாது.

— ஏன்?

— பட்டினி கிடந்தப்ப கூட நான் பொய்ப் பத்திரம் எழுதினதில்லை.

— என்ன பொய்? அய்யோ... அம்மா! கால், கால்!

— எந்தக் கால்? இதுவா?

— இடது. கெண்டைக்கால் இழுக்குது. விரலை மேல தள்ளுங்க. இன்னும். இன்னும் அழுத்தி!

— மூச்சை விடு. விடு மெதுவா. நர்ஸம்மாவைக் கூப்பிடவா?

— வேண்டாம். விடாதீங்க... ம். விடுது. விட்டுடுச்சு.

— விட்டுடுச்சா? வேர்த்துக் கொட்டுது உனக்கு.

— கையை எடுத்துடாதீங்க. அப்படியே காலைப் பிடிச்சுக்கிட்டே சொல்லுங்க. என்ன பொய்?

— அப்புறம் சொல்றேன். நீ கொஞ்சம் கண்ணை மூடு.

— அப்புறம்னா எப்ப? சொல்லுங்க.

— என் கிட்னி உனக்குப் பொருந்துச்சு.

— ம்.

— ரத்தம் பொருந்துச்சு, மத்ததும் பொருந்துச்சு. என் உடம்புல ஒரு குறையும் இல்லை. டாக்டர் எழுந்து கை குடுத்தாரு. சம்மதப் படிவத்தை நீட்டினாரு. கையெழுத்துப் போடற எடத்துல பென்சில்ல சின்னதா ஒரு பெருக்கல் குறி. நாங்க போடுவோமே, அதே மாதிரி.

— சொல்லுங்க.

— எத்தனை ஆயிரம் பேரை "இங்க போடுங்க, இங்க போடுங்க"ன்னு போட வச்சிருக்கேன். ஒருத்தனும் படிக்க மாட்டான். நான் படிச்சேன். என் பொழப்பே அதுதானே. "அரிதாக உயிரிழப்பு நேரலாம் என்பதை அறிந்து சம்மதிக்கிறேன்"னு ஒரு வரி. பேனாவை வச்சுட்டேன். கை நகர மாட்டேங்குது. உன் முகத்தை நினைச்சுப் பாக்கறேன், அப்பவும் நகர மாட்டேங்குது. டாக்டர் எழுந்து போய் கதவைச் சாத்திட்டு வந்தாரு. பயமா இருக்கான்னு கேட்டாரு. ஆமான்னு சொன்னேன். அந்த ஒரு வார்த்தைதான் சொன்னேன்.

— அப்புறம்?

— "கட்டாயம் ஒண்ணும் இல்லை. காரணத்தை யார்கிட்டயும் சொல்ல மாட்டோம், உங்க மனைவிகிட்ட கூட. உங்க உடல்நலத்துக்கு ஆகாதுன்னு ஒரு கடிதம் தருவோம், அவ்வளவுதான்"னாரு. வாங்கி மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டு வந்துட்டேன். அடுப்படியில நின்னு உனக்குப் படிச்சுக் காட்டினேன்.

— அழுதுக்கிட்டே படிச்சீங்க.

— அந்த அழுகை நெஜம். அன்னைக்கு அது ஒண்ணுதான் நெஜம். அப்புறம் ஒவ்வொரு தடவை உன்னை இங்க கூட்டிட்டு வரப்பவும் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுத்தான் வருவேன். நீ வேலை பாத்த எடம். யாராவது உன் காதுல போட்டுடுவாங்களோன்னு.

— இங்க யாரும் போட மாட்டாங்க.

— எக்கோ ரிப்போர்ட் வந்த மறுநாள் டாக்டர்கிட்ட ஓடினேன். இப்ப எடுத்துக்கங்க, இன்னைக்கே கையெழுத்துப் போடறேன், படிக்காமயே போடறேன்னு சொன்னேன். அவரு என்னை நிமிந்து பாக்கவே இல்லை. "மூணு வருஷம் முன்னாடின்னா..."ன்னு ஆரம்பிச்சாரு. முடிக்கலை.

— இது எனக்குத் தெரியாது.

— எது?

— போன மாசம் நீங்க போனது.

— அது தெரியாதுன்னா... அப்ப மத்தது?

— காலை விடுங்க. தலைமாட்டுப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காருங்க. அந்தக் கடிதத்துல முதல் வரி ஞாபகம் இருக்கா?

— அது எதுக்கு இப்ப?

— சொல்லுங்களேன்.

— "தேவையான பரிசோதனைகளுக்குப் பின்..."

— "...உறுப்பு தானம் செய்வது இவரது உடல்நலத்துக்கு உகந்ததல்ல என மருத்துவக் குழு முடிவு செய்துள்ளது. இவர் முழு மனதுடன் முன்வந்தார் என்பதைக் குடும்பத்தாருக்குத் தெரிவித்துக்கொள்கிறோம்."

— ஒரு எழுத்து பிசகாம சொல்றியே! நான் ஒரே ஒரு தடவைதானே படிச்சேன்? மறுநாளே அதைக் கிழிச்சுப் போட்டுட்டேன்.

— நீங்க படிச்சதைக் கேட்டு சொல்லலை. அதை எழுதினதே நான்தான்.

— என்ன சொல்றே?

— பதினோரு வருஷம் ஆச்சு. அண்ணனுக்குக் கிட்னி குடுக்க வந்த ஒரு தம்பி, ஆபரேஷனுக்கு முந்தின நாள் நாங்க துணி அடுக்கி வைக்கற அறைக்குள்ள போய் உக்காந்து அழுதுக்கிட்டு இருந்தான். கல்யாணமாகி ஆறு மாசம். வெளியில மொத்தக் குடும்பமும் வரிசையா உக்காந்திருக்கு. "பயமா இருக்குன்னு சொன்னா என்னை வீட்டுப் படி ஏத்த மாட்டாங்க சிஸ்டர்"னான். பெரிய டாக்டருக்கு என்ன எழுதிக் குடுக்கறதுன்னு புரியலை. பொய்யா ஒரு வியாதியைப் போட முடியாது. உண்மையையும் சொல்ல முடியாது. நான் ஒரு துண்டுக் காகிதத்துல அந்த ரெண்டு வரியை எழுதி நீட்டினேன். அவர் கையெழுத்துப் போட்டாரு. அன்னையில இருந்து பின்வாங்கற எல்லாருக்கும் அதே கடிதம்தான். பேரை மட்டும் மாத்துவாங்க.

— வீட்டுல ஒரு வார்த்தை சொன்னதில்லையே நீ.

— வார்டு விஷயத்தை நான் எப்ப வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கேன்? நெஜமாவே ஒத்துவராதவங்களுக்கு வேற கடிதம் உண்டு. அதுல எந்த டெஸ்ட், அளவு எவ்வளவுன்னு எல்லாம் இருக்கும். இதுல ஒரு நம்பர் கூட இருக்காது. எல்லை, அளவு எதுவும் இல்லாம ஒரு மனைப் பத்திரம் வந்தா நீங்க விடுவீங்களா? இதை மட்டும் கவனிக்காம விட்டுட்டீங்க.

— அன்னைக்கு நான் எதைக் கவனிச்சேன்...

— இன்னொண்ணும் சொல்லிடறேன். அந்தத் தம்பியை நான் மதிக்கலை. எழுதிக் குடுத்துட்டு, கோழைப் பயன்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டேதான் அடுத்த கட்டிலுக்குப் போனேன். இப்ப எங்க இருக்கானோ.

— அப்ப அடுப்படியில நான் வாயைத் திறந்தப்பவே...

— முதல் மூணு வார்த்தையிலயே தெரிஞ்சு போச்சு. நிறுத்துங்கன்னு சொல்லத்தான் வாய் வந்துச்சு. அதுக்குள்ள நீங்க "முழு மனதுடன்"ங்கற எடத்துல மேல படிக்க முடியாம நின்னுட்டீங்க. போய் தண்ணி எடுத்துட்டு வந்து குடுத்தேன்.

— குடிச்சேன்.

— ஒரே மூச்சுல குடிச்சீங்க. நான் பாத்துக்கிட்டே நின்னேன்.

— மூணு வருஷம்! நான் காயை ஊற வைக்கறதையும், தண்ணி அளக்கறதையும், கால் பிடிக்கறதையும் எல்லாத்தையும் பாத்துக்கிட்டு, இவன் எதுக்கு இப்படி ஓடி ஓடிப் பண்றான்னு தெரிஞ்சுக்கிட்டே படுத்திருந்திருக்கே!

— மெதுவா பேசுங்க. மூணாம் கட்டில்ல தூங்கறாங்க.

— யாராவது எழுந்தா எழுந்துக்கட்டும். உன்னை ஏமாத்திட்டோம்னு தினம் தினம் செத்துக்கிட்டு இருந்தேன்டி. ஏமாந்தது நானா?

— யாரும் ஏமாறலைங்க. கண்ணைத் துடைங்க. உங்க பக்கத்துக் கையிலதான் ஊசி இருக்கு.

— உனக்குக் கோபமே வரலையா?

— வரலையாவா? முதல் ரெண்டு மாசம் நீங்க தொட்டாலே எனக்கு உடம்பு கூசுச்சு. நீங்க மேஜைக்குப் போங்க, என்னை அண்ணி கூட்டிட்டுப் போகட்டும்னு அடம் பிடிச்சேனே, எதுக்குன்னு நினைச்சீங்க?

— என் பொழப்பு கெட வேண்டாம்னு பாக்கறேன்னு நீதானே சொன்னே.

— சொன்னேன். உங்க முகத்தைப் பாக்கப் பிடிக்கலை. அதான் காரணம். நீங்க திரும்பிப் படுத்தா உங்க முதுகையே பாத்துக்கிட்டு இருப்பேன். அங்க ரெண்டு இருக்கே, இவருக்கு ஒண்ணு போதுமேன்னு. ஒண்ணை வச்சுக்கிட்டு இருபது வருஷம் நல்லா இருக்கறவங்களை என் கண்ணால பாத்திருக்கேன். எனக்கு வாழணும்னு ஆசைங்க. அம்பத்தோரு வயசு. வேலைக்குத் திரும்பிப் போகணும், வயிறு முட்ட ஒரு தடவை தண்ணி குடிக்கணும். போய்ச் சேர யாருக்கு மனசு வரும்?

— என்னை நாலு அறை அறைஞ்சிருக்கலாம் நீ.

— ஒரு கை அடைச்சுப் போச்சு. இன்னொரு கையில ஊசி. எதால அறையறது?

— விளையாடாதே. என்னால தாங்க முடியலை.

— அக்கா, இன்னும் பத்து நிமிஷம்தான். ஊசி எடுக்க பஞ்செல்லாம் தயார் பண்ணிட்டு வரேன். கட்டுரை முடிஞ்சுதா? என்ன அண்ணே, கண்ணு இப்படி சிவந்திருக்கு?

— தூசிம்மா.

— ஏசி அறையில ஏது அண்ணே தூசி?

— ஒரே ஒரு வரி பாக்கிம்மா. அஞ்சு நிமிஷம் எங்களை விடு.

— சரி அக்கா. தலைவி வேற வாசல்லயே நிக்கறாங்க. நான் பேச்சுக் குடுத்துக்கிட்டு இருக்கேன், நீங்க முடிங்க.

— கேட்டீங்கல்ல? எழுதுங்க. "அவர் உடம்புக்கு ஒத்துவராதுன்னு டாக்டருங்க சொல்லிட்டாங்க."

— நான் வேற எழுதறேன். "கணவருடைய கிட்னி பொருந்தியது. அவர் பயந்து பின்வாங்கினார்." இதைத்தான் எழுதுவேன். உன் அண்ணன் படிக்கட்டும். எல்லாரும் படிக்கட்டும்.

— எழுதினா நான் கிழிச்சுடுவேன்.

— நடந்தது நடந்தபடி இருக்கணும்னு யாரு சொன்னது? லாரி டிரைவரைத் திட்டினதை மறைக்க மாட்டே. என் தப்பை மட்டும் மூடி மறைக்கணுமா?

— அவரைத் திட்டினது நான். அதை என் பேர்ல நான் எழுதலாம். பயந்தது நீங்க. அதை என் பேர் போட்டு எழுத எனக்கு உரிமை கிடையாது. பயந்தவங்களைக் காட்டிக் குடுக்க மாட்டோம்னுதான் அந்தக் கடிதமே.

— அது நர்ஸு பேசற பேச்சு. நீ என் பொண்டாட்டி. உயிர் உன்னோடது. வாழணும்னு ஆசை இருந்துச்சுங்கறே. கோபம் இருந்துச்சுங்கறே. மூணு வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஏன்யா இப்படிப் பண்ணினேன்னு என் சட்டையைப் பிடிச்சு நீ கேக்கலையே. ஏன் கேக்கலை?

— கேட்டிருந்தா நீங்க பயந்துக்கிட்டே குடுத்திருப்பீங்க.